நோய் தெரிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது: அந்த நாளை என்ன செய்வது?

ஐந்தொகை எழுதியது:

வணக்கம். மூன்று மாதமாக இங்கே வந்து படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. கேள்வி சின்னதுதான், ஆனால் எனக்குச் சுருக்கமாகக் கேட்க வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற 19ஆம் தேதியோடு எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்து ஒரு வருடம். தலைப்பில் "நினைவு நாள்" என்று தட்டப் போனேன், கை நின்றுவிட்டது. நம் மொழியில் அது செத்துப்போனவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்த சொல். "ஆண்டு விழா" என்றால் பள்ளிக்கூட மேடைதான் ஞாபகம் வருகிறது. பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் பெயர் இருக்கிறது, இதற்கு இல்லை. ஆங்கிலக்காரர்கள் 'கேன்சர்வர்சரி' என்று இரண்டு சொல்லை ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது 47, கணக்கு எழுதும் வேலை. வலது பக்கப் பெருங்குடலில் வந்தது, ஸ்டேஜ் 3. அறுவை சிகிச்சை, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் 12 சைக்கிள் கீமோ. ஒவ்வொரு தடவையும் 46 மணி நேரம் இடுப்பில் ஒரு பம்ப்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன், அது ராத்திரியில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு கிர்ர் கிர்ர் என்று தனியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஆக்சாலிபிளாட்டின் மருந்தை மட்டும் ஒன்பதாவது சைக்கிளோடு நிறுத்திவிட்டார்கள். அந்த மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் தொட முடியாது, ஷாக் அடித்த மாதிரி இருக்கும். ஃபிரிட்ஜ் கைப்பிடியில் ஒரு ஜோடி கையுறை மாட்டியே இருந்தது. எல்லாம் முடிந்து நாலு மாதம் ஆகிறது, கால் விரல்கள் முன்னைவிட அதிகமாக மரத்திருக்கின்றன. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் அது கூடிவிட்டுத்தான் இறங்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அதனால் பயப்படவில்லை. ஆனால் போன வாரம் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நாலு படி ஏறியிருக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், களைப்பு. ஹீமோகுளோபின் 7.8. மாதவிடாய் நிற்கிற வயசு, ரத்தம் குறையத்தான் செய்யும் என்று ஒரு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். ஐந்து மாதம் முழுங்கினேன். கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். ரத்தம் எங்கே போகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆபீஸில் பணம் எங்கே போனது என்று தெரியாமல் ஒரு கணக்கை நான் மூடியதே இல்லை. என் உடம்புக்கு மட்டும் மூடியிருக்கிறேன். இதைப் படிக்கிற யாருக்காவது காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைந்துகொண்டே போனால், குடலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

எந்தத் தேதி? முதல் குழப்பமே இதுதான். 19ஆம் தேதி கொலனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது. 24ஆம் தேதி, அப்போது கிள்ளி எடுத்த சதையின் பயாப்ஸி ரிப்போர்ட். அடுத்த மாதம் 11ஆம் தேதி அறுவை. அதற்கு ஒன்பது நாள் கழித்து, எடுத்த நிணநீர்க் கணுக்களில் மூன்றில் இருக்கிறது என்ற ரிப்போர்ட். அன்றைக்குத்தான் அது ஸ்டேஜ் 3 ஆனது. என் ஃபைலில் நாலும் வரிசையாக இருக்கின்றன. பில் தேதி ஒன்று, சரக்கு வந்த தேதி ஒன்று, பதிவு போட்ட தேதி ஒன்று என்று இருந்தால் எதை எடுப்பது என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இவர் 19 என்கிறார். என்னைக் கேட்டால் 24. ஏனென்றால் 19ஆம் தேதி எனக்கு ஞாபகமே இல்லை.

மிடசோலம் என்று ஒரு மயக்க மருந்து கொடுப்பார்கள், உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முழு மயக்கம் இல்லை. கண் திறந்திருக்கும், பேச்சுக்குப் பேச்சு பதில்கூடச் சொல்வோம், ஆனால் மனதில் எதுவும் பதியாது. ஊசி போட்டது தெரியும். அப்புறம் தெரிவதெல்லாம் ஒரு பச்சைத் திரை, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு, பக்கத்தில் இவர். என் கண்ணாடியை இவர்தான் வைத்திருந்தார். மாட்டிவிட்டார். மாட்டியதும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடியில் ஒரு புள்ளி, ஒரு விரல் ரேகை இல்லை. கல்யாணமாகி 22 வருடத்தில் என் கண்ணாடியை இவர் துடைத்ததே கிடையாது. அப்போதே வயிற்றில் ஏதோ இறங்கியது. அதன்பிறகுதான், "டாக்டர் ஒரு கட்டி மாதிரி பார்த்திருக்காராம், பயாப்ஸிக்கு அனுப்பியிருக்காங்க, ஆனா அவருக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சாம்" என்று சொன்னார். எனக்கு அந்த ஒரு வாக்கியமும் கண்ணாடியும்தான் இருக்கின்றன. எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று கேட்டால் தெரியாது.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு யோசனை. தங்கை எல்லோரையும் கூப்பிட்டுக் கொண்டாட வேண்டும் என்கிறாள். "ஜெயிச்சுட்டேல்ல?" என்கிறாள். நான் எதை ஜெயித்தேன்? மருந்து ஏறியது, நான் படுத்திருந்தேன். மகளுக்கு 19 வயது. அவள் மொட்டைத்தலைப் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட வேண்டும் என்றாள். எனக்கு முடி கொட்டவே இல்லை, கொஞ்சம் மெலிந்ததோடு சரி. அதைச் சொன்னதும் அவளுக்கே சிரிப்பு.

இவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். ஆனால் தேதி கிட்ட வர வர ஆள் சரியில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருக்கிற எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டார். இப்போது எங்கள் வீட்டில் ஒரு கதவும் சத்தம் போடுவதில்லை, இவர் எப்போது எந்த அறையில் இருக்கிறார் என்றே தெரிவதில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தால், அந்த நாளை யாரும் மறந்துவிடக் கூடாது, யாரும் ஞாபகப்படுத்தவும் கூடாது. நியாயமில்லைதான், தெரிகிறது.

போதாததற்கு ஒரு வருடக் கொலனோஸ்கோபிக்கு 23ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதாவது அந்த வாரம் முழுக்கவே அதுதான். நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்? எந்தத் தேதியை வைத்துக்கொண்டீர்கள்? ஒன்றுமே செய்யாமல் விட்டவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.


கிழட்டுக்குயில் எழுதியது:

தங்கச்சி, வா வா. நான் மார்பகம், 11 வருடம் ஆகிறது.

முதல் வருடம் ஊரைக் கூட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு அங்குலம் கீழே பார்த்துப் பேசினார்கள். போகும்போது ஒரு அம்மா "இனிமே ஒண்ணும் வராது" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இரண்டாவது வருடம் யாருக்கும் சொல்லாமல் நாள் முழுக்க வெளியே சுற்றினேன். மூன்றாவது வருடம் என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. நாலாவது வருடம் அந்தத் தேதி போய் இரண்டு நாள் கழித்துத்தான் ஞாபகமே வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "அடப்பாவி, மறந்துட்டியே" என்று என்னை நானே திட்டிக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆனால் மறந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துவிடாதே. ஏழாவது வருடம் மறுபடி பிடித்துக்கொண்டது, ஒரு காரணமும் இல்லாமல். உடம்புக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. நான் தேதியைப் பார்க்கவில்லை, வெயில் ஜன்னலில் விழுகிற கோணம் மாறியதும் கை தானாகக் கக்கத்தைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. மனநல மருத்துவர்கள் இதற்குத் தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். வருடந்தோறும் அதே நாளில் பழைய பயம் கிளம்புவது துக்கத்திலும் உண்டு, விபத்திலும் உண்டு, நமக்கும் உண்டு. உன் வீட்டுக்காரருக்கு இப்போது வந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ஐந்து வருடம் ஆனால் விடுதலை என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடு. உன் குடல் விஷயத்தில் திரும்ப வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குள் என்பார்கள். அதனால் ஐந்து என்பது உனக்கு ஓரளவு அர்த்தமுள்ள எண்தான். என்னுடையது ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை, அது 15, 20 வருடம் கழித்துக்கூட எட்டிப் பார்க்கும். பத்து வருடம் மாத்திரை முழுங்கினேன். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு கடிகாரம்.

தங்கையிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிடு. இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், சரியாகிவிடும்.


பதிவேட்டுக்காரன் எழுதியது:

சகோதரி, தேதிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் என் வேலை. புற்றுநோய்ப் பதிவேட்டில் தகவல் ஏற்றுகிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் "நோய் கண்டறிந்த தேதி" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்ப விதி இருக்கிறது. உங்கள் தொழிலில் இருப்பதைப் போலவே வரிசைப்படி.

ஐரோப்பியப் பதிவேடுகளின் விதிப்படி, திசுப் பரிசோதனையில் உறுதியானால் அதற்குத்தான் முதலிடம். அதிலும் முதலில் எடுக்க வேண்டியது சதையைக் கிள்ளி எடுத்த தேதி. அது கிடைக்காவிட்டால் ஆய்வகத்துக்கு மாதிரி வந்த தேதி. அதுவும் இல்லாவிட்டால்தான் ரிப்போர்ட் தேதி. திசுப் பரிசோதனையே இல்லையென்றால் மருத்துவமனையில் சேர்ந்த தேதி, இப்படி இறங்கிக்கொண்டே போகும். பட்டியலின் அடியில், வேறு எதுவும் தெரியாதவர்களுக்கு, இறந்த தேதி. அந்தக் கட்டத்தில் அதை எழுத வேண்டி வரும் நாட்களில் நான் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவேன். அமெரிக்கப் பதிவேடுகளில், பயாப்ஸி பிறகு வந்தாலும், இது புற்றுநோய் என்று மருத்துவர் முதலில் சொன்ன நாளையே எடுத்துக்கொள்வார்கள்.

எந்த விதியில் போட்டாலும் உங்களுக்கு 19தான் வருகிறது. உங்கள் கணவர் சொல்வது சரி. ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் என்று போடுகிறார்களே, பதிவேட்டுக் கணக்கில் அதுவும் இந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். மருந்து ஆய்வுகளில் வேறு தொடக்கப்புள்ளி வைப்பார்கள், அது தனிக் கதை.

கொண்டாடுவதா என்பது பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் "நான் எதை ஜெயித்தேன்" என்று கேட்டீர்களே, அதற்கு ஒன்று. ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்று ஓர் அமெரிக்க மருத்துவர், தனக்கே புற்றுநோய் வந்து மீண்டவர். 1985இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்களைக் குணமானவர், குணமாகாதவர் என்று இரண்டு கூடையில் பிரித்துப் போடாதீர்கள், நோய் தெரிந்த நாளிலிருந்தே எல்லோரும் பிழைத்திருத்தலில்தான் இருக்கிறார்கள், அதில் பருவங்கள் மாறுகின்றன என்பது அவர் வாதம். அடுத்த வருடம் அவரும் வேறு சிலரும் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அப்படிப் பார்த்தால் நீங்கள் ஜெயித்தீர்களா என்ற கேள்வியே எழவில்லை. 19ஆம் தேதியிலிருந்து இருந்துகொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பிற்பாடு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இதற்கென்று ஒரு பிரிவு வைத்தபோது, கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களையும் 'பிழைத்திருப்பவர்' என்ற சொல்லுக்குள் சேர்த்தார்கள்.

சொந்தப் பெயரில் கொண்டாட விருப்பமில்லாதவர்கள் பொது நாளில் கலந்துகொள்வதும் உண்டு. ஜூன் முதல் ஞாயிறு, புற்றுநோய் வந்து பிழைத்திருப்பவர்களுக்கான நாள், 1988 முதல் நடக்கிறது. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள், ஆனால் அது விழிப்புணர்வுக்கானது, உங்களுக்கானது இல்லை.


ஐந்தொகை எழுதியது:

அக்கா, பஸ் கதையை இவரிடம் படித்துக் காட்டினேன். லேசாகச் சிரித்தார். இரண்டு வாரத்தில் முதல் தடவை.

பதிவேட்டுக்காரரே, சதையைக் கிள்ளிய தேதி, வந்து சேர்ந்த தேதி, ரிப்போர்ட் தேதி என்று நீங்கள் வரிசை போட்டதைப் பார்த்து ஏனோ எனக்குப் பெரிய நிம்மதி. யாரோ எங்கேயோ ஒரு கட்டத்தில் 19 என்று போட்டு வைத்திருக்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். 24ஐ அடித்துவிட்டேன்.

ஆனால் எனக்கு ஞாபகமே இல்லாத ஒரு நாளை நான் எப்படி வைத்துக்கொள்வது என்பது அப்படியே இருக்கிறது.


அடுத்தஸ்கேன்வரை எழுதியது:

நான் கொஞ்சம் வேறு வரிசையில் நிற்கிறவன். நுரையீரல், ஸ்டேஜ் 4, தெரியும்போதே எலும்பில் இருந்தது. கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததால், அதற்கென்றே உள்ள ஆசிமெர்டினிப் மாத்திரை தினம் ஒன்று. மூன்றாவது வருடம் ஓடுகிறது.

சிகிச்சை முடித்தவர்கள் அடிக்கிற மணி தெரியும்தானே? 1996இல் ஹூஸ்டனில் கதிர்வீச்சு முடித்த ஒரு கடற்படை அதிகாரி, கப்பலில் வேலை முடிந்தால் மணியடிக்கும் பழக்கத்தை வைத்து மருத்துவமனைக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார், அங்கிருந்து பரவியது. நல்ல எண்ணம்தான். நான் மருந்து வாங்கப் போகிற கூடத்திலும் ஒன்று தொங்குகிறது. யாராவது அடித்தால் நானும் கை தட்டுவேன், மனதார. ஆனால் எனக்குச் சிகிச்சையின் கடைசி நாள் என்று ஒன்று வந்தால் அதற்கு அர்த்தம் வேறு. அதனால் எனக்கு இருக்கிற ஒரே தேதி, தெரிந்த நாள்தான். அதை விட்டுவிட மனசில்லை.

முதல் வருடம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். பத்து வருடத்துக்கு. விண்ணப்பத்தை நிரப்பும்போது உனக்கு எதற்குப் பத்து வருடம் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கேட்டுக்கொண்டே நிரப்பினேன். இரண்டாவது வருடம் பல். ஒரு கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யச் சொல்லியிருந்தார்கள். இருக்கப்போகிற கொஞ்ச நாளுக்கு எதற்கு என்று தள்ளிப்போட்டிருந்தேன். அந்தத் தேதியில் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று முறை போக வேண்டும் என்றார்கள், மூன்று முறையும் போனேன். இந்த வருடம் என்ன என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஸ்கேன் முடியட்டும்.

உங்கள் தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள். "ஜெயிச்சுட்டே" என்று சொல்லும்போது, அந்தப் பக்கம் என்னைப் போன்றவர்கள் தோற்றவர்கள் ஆகிவிடுகிறோம். அவர் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார், தெரியும்.


துணைக்குவந்தவர் எழுதியது:

அம்மா, நான் நோயாளி இல்லை. என் மனைவிக்குச் சினைப்பையில் வந்தது. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கூட இருந்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள் என்று பதிவேட்டுத் தம்பி எழுதியதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அவள் போன நாள் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். நோய் தெரிந்த நாள் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று நான் ஏதோ ஒரு படிவத்தை நகல் எடுக்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, நடைபாதையில் சுவரோரமாக நின்றிருந்தாள். கையிலிருந்த நகலை வாங்கிப் பார்த்து, "ரெண்டாவது பக்கம் கோணலா விழுந்திருக்கு" என்றாள். அப்புறம்தான் சொன்னாள். டாக்டர் சொல்லும்போது நான் பக்கத்தில் இல்லை. அந்தப் பத்து நிமிடம் அவள் தனியாக இருந்தாள். அங்கே என்ன சொன்னார்கள், அவள் என்ன கேட்டாள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் வலிக்கும் என்று நினைத்தேன். மூன்று வருடம் நேரம் இருந்தது.

உங்கள் வீட்டில் இது தலைகீழாக இருக்கிறது. நாள் அவரிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. அவரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். நோயாளியை எல்லோரும் விசாரிப்பார்கள், கூட நிற்கிறவனிடம் "எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்பார்கள்.

"என்ன பண்ணலாம்?" என்று அவரிடம் கேட்காதீர்கள். "உன் இஷ்டம்" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.


ஐந்தொகை எழுதியது:

எல்லோருக்கும் பதில் எழுத நாலு நாள் ஆகிவிட்டது. இன்று 22. நாளைக்குக் கொலனோஸ்கோபி. குடலைச் சுத்தம் செய்கிற மருந்துத் தண்ணீரை ஒரு ஜாடியில் கலந்து வைத்துக்கொண்டு, பாத்ரூமுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் நடுவில் எழுந்து எழுந்து போவேன்.

19ஆம் தேதி பகலில் ஒன்றும் நடக்கவில்லை. தங்கை கூப்பிட்டாள். இருபது நிமிடம் வாஷிங் மெஷின் ரிப்பேரைப் பற்றியே பேசினாள், தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஃபோனை வைத்ததும் அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. சொல்லியிருந்தாலும் வந்திருக்கும்.

ராத்திரி ஐயா சொன்னபடி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். "அன்னைக்கு நான் முழிச்சதும் என்ன நடந்துச்சு? எனக்குக் கண்ணாடி போட்டுவிட்டதுதான் ஞாபகம் இருக்கு." ரொம்ப நேரம் பதில் இல்லை. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

மூன்று தடவை சொன்னாராம்.

நான் கண் திறந்து "முடிஞ்சுதா, என்ன சொன்னாங்க?" என்று தெளிவாகக் கேட்டிருக்கிறேன். இவரும் மருந்தைப் பற்றித் தெரியாமல், விழித்துவிட்டேன் என்று நினைத்துச் சொல்லிவிட்டார். நான் இவர் கையைத் தட்டிக்கொடுத்து, "சரி, பார்த்துக்கலாம். நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேனாம். கேட்டுவிட்டுத் தூங்கிப் போனேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி கண் திறந்து அதே கேள்வி. "முடிஞ்சுதா, என்ன சொன்னாங்க?" இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி சொன்னார். இந்தத் தடவை நான் சிரித்து, "விளையாடாதீங்க" என்றேன். மறுபடி தூக்கம். நர்ஸ் வந்து, இந்த மருந்துக்கு அப்படித்தான், எதுவும் நிற்காது, கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லுங்கள் என்றாராம்.

"மூணாவது தடவையும் நீ கேப்பேன்னு தெரியும். சொல்ல வாய் வரல. கையில உன் கண்ணாடி இருந்துச்சு. கழுவிட்டு வரேன்னு போனேன். குழாயடியில நின்னு சோப்புப் போட்டுக் கழுவினேன். ரொம்ப நேரம்."

எனக்கு ஞாபகம் இருப்பது அந்த மூன்றாவது.

நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இவரே, "ஆனா முதல் தடவை நீ சொன்னியே, பார்த்துக்கலாம்னு. கீமோ சமயத்துல நீ வாந்தி எடுத்துட்டுத் தரையிலயே படுத்துக் கிடப்பே. அப்பல்லாம் அதைத்தான் நினைச்சுக்குவேன். இவளே சொல்லியிருக்கா, பார்த்துக்கலாம்னு" என்றார்.

நான் அதைச் சொன்னேனா என்றே எனக்குத் தெரியாது. மருந்து பேசியதோ என்னவோ. என் கையெழுத்து இல்லாத ஒரு ரசீதை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஒரு வருடம் செலவு செய்திருக்கிறார். அதைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், இவர் இதையெல்லாம் படிக்க மாட்டார்.

அப்புறம் தூங்கினார். இரண்டு மணிக்கு நான்தான் எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கேன் வரைக்காரரே, தங்கையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உங்கள் பல் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள். பாஸ்போர்ட்டில் என்னுடையது ஏற்கனவே ஐந்து வருடம் பாக்கி இருக்கிறது, அதனால் நான் வேறு ஏதாவது யோசிக்க வேண்டும்.

ஐயா, கோணலாக விழுந்த அந்த இரண்டாவது பக்கம் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?

நாளைக்கு எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அதே மயக்க மருந்துதான் என்றார்கள். இந்தத் தடவை நான் எழுந்து என்ன கேட்டாலும், என்ன சொன்னாலும், பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் ஆபீஸ் பேனாவையே கொடுத்திருக்கிறேன். நல்ல சேதியாக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வாராம்.

அடுத்த டம்ளர் குடிக்க நேரமாகிவிட்டது. போகிறேன்.